வீட்டு கேசட்டை எதுல ஏத்தலாம்: ஆடியோ சிடி ரெக்கார்டரா, லேப்டாப்பா, கையடக்க ரெக்கார்டரா, கடையா?

பரண்ல கேசட் பெட்டி வச்சிகினு இருக்கறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான் கேக்கறாங்க. "அண்ணா, பழைய ஆடியோ சிடி ரெக்கார்டர் ஒன்னு செகண்ட்ஸ்ல வருது, டெக்கோட கனெக்ட் பண்ணி நேரா சிடில ஏத்திடலாம்னு சொல்றாங்க, வாங்கலாமா, இல்ல லேப்டாப்லயே முடிச்சிடலாமா?" வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர்னு எந்தப் பக்கம் கேட்டாலும் இதேதான், ரெக்கார்டர் எது வாங்கறதுன்னுதான் எல்லாரும் மண்டைய உடைச்சிக்கறாங்க, கேசட்டை ஓட்டப்போற டெக் எப்படி இருக்குன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்ல. என்னைக் கேட்டா பணத்துல முதல் பங்கு டெக்குக்குத்தான் போகணும். ரெக்கார்டர் எதுவா இருந்தாலும் அது டெக் குடுக்கறதைத்தான் எழுதும்.

அதுக்கும் முன்னாடி பெட்டியைப் பிரிச்சு கேசட்டை ரெண்டா ஒதுக்குங்க. சினிமா பாட்டு கேசட், கம்பெனி போட்ட பக்திப் பாட்டு கேசட் எல்லாம் ஒரு பக்கம், அதுல முக்கால்வாசி இன்னிக்கு ஃபோன்லயே கிடைக்குது, அதுக்காக ஞாயித்துக்கிழமையை வீணாக்காதீங்க. உலகத்துலயே உங்க கிட்ட மட்டும் இருக்கறது இன்னொரு பக்கம். சவூதிக்குப் போன சித்தப்பா பேசி அனுப்பின கேசட், கம்மவான்பேட்டை மாதிரி ஊருங்கள்ல பட்டாளத்துப் புள்ளைங்களுக்கு வீட்லருந்து பேசி அனுப்பின கேசட், கல்யாணத்துல வாசிச்ச நாதஸ்வரம், பாட்டி சொன்ன ஒப்பாரி, பாரதம் நடந்தப்போ பதினெட்டாம் நாள் கூத்தை விடிய விடிய யாரோ டூ இன் ஒன்ல புடிச்சு வச்சது. இந்த ரெண்டாவது குவியல் எத்தனைன்னு எண்ணிட்டு அப்புறம் மேல படிங்க, ஏன்னா பத்து கேசட்டுக்கு ஒரு வழி, நூறு கேசட்டுக்கு வேற வழி.

## எதை வச்சு எடை போடறது

முதல் விஷயம், கேக்கப்போறது யாரு, எதுல கேப்பாங்க. ஹால்ல இருக்கற சிடி பிளேயர்ல தட்டை வச்சு பட்டனை அமுக்கினா அப்பா குரல் வரணும், அம்மாவுக்கு அவ்ளோதான் வேணும்னா அது ஒரு கணக்கு. துபாய்ல இருக்கற தம்பிக்கும் பெங்களூர்ல இருக்கற தங்கச்சிக்கும் அனுப்பணும்னா அது வேற கணக்கு.

ரெண்டாவது உங்க நேரம். எந்த வழியில போனாலும் அறுபது நிமிஷ கேசட் அறுபது நிமிஷம் ஓடியே தீரும், அதுல யாருக்கும் சலுகை இல்ல. ஓடி முடிஞ்ச பிறகு எவ்ளோ வேலை பாக்கி நிக்குதுங்கறதுலதான் வித்தியாசம்.

மூணாவது கரண்ட். கத்திரி வெயில்ல நம்ம ஊர்ல லோடு ஏறி ஏறி கட் ஆகுதே, அந்த நேரத்துல ஓடிகினு இருக்கற பதிவு இன்னா ஆகும்? இதை எந்த விளம்பரத்துலயும் எழுத மாட்டாங்க.

நாலாவது, நடுவுல இருக்கற இரைச்சல், இருமல், வெத்து ஓட்டம் இதெல்லாம் பின்னாடி வெட்டணுமா, அப்படியே இருந்தா போதுமா. அஞ்சாவது, மெஷின் விலைக்கு வெளியில ஒளிஞ்சிருக்கற செலவு. ஆறாவது, பத்து வருஷம் கழிச்சு அது திறக்குமா.

ஒலித் தரத்தை ஏன் இதுல சேக்கலன்னா, அது இங்க போட்டியே இல்ல. ஆடியோ சிடியோட அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதுல மெல்லிசான சத்தத்துக்கும் உச்சத்துக்கும் நடுவுல சுமார் 96 டெசிபெல் இடம் இருக்கு. சாதாரண கேசட்ல 50, 60 டெசிபெல் இருந்தாலே நல்ல கேசட். கேசட்ல இருக்கற எல்லாத்தையும் புடிக்க சிடி அளவே தாராளம், கீழ சொல்ற மூணு மெஷினும் அதைச் செய்யும்.

## டெக் சரியில்லன்னா மத்தது எல்லாம் தண்டம்

நல்லா ஓடற டெக் ஒன்னு வேணும், டூ இன் ஒன்னை விட லைன் அவுட் (சத்தத்தை ஒயர்ல வெளிய எடுக்கற ஓட்டை) இருக்கற தனி டெக் நல்லது. ரொம்ப நாள் சும்மா கிடந்த டெக்ல ரப்பர் பெல்ட் பிசின் மாதிரி இளகிப்போயிருக்கும், இல்ல தளர்ந்து வேகம் தள்ளாடும், நாதஸ்வரத்துல நீட்டிப் புடிக்கற சுரம் ஆடினா உடனே தெரிஞ்சிடும். பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் (நாடாவை அழுத்திப் புடிச்சு இழுக்கற ரப்பர் உருளை) மாத்தித் தர மெக்கானிக் இன்னும் அங்கங்க இருக்காங்க, வேலூர் லாங் பஜார் பக்கம் விசாரிச்சுப் பாருங்க, ஆள் கிடைக்கலன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், காட்பாடியிலருந்து ரயில் ஏறினா ஒரு பகல் வேலை.

ஹெட்டை, அதாவது நாடாவைப் படிக்கற முனையை, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க, பஞ்சுல பழுப்பு வர்றது நிக்கற வரைக்கும். ஆனா பிஞ்ச் ரோலர் ரப்பர்ல அதை ஊற விடாதீங்க, லேசா ஈரத் துணி போதும்.

அடுத்தது அசிமுத், அதாவது ஹெட் நிக்கற கோணம். பாட்டு மூடின கதவுக்கு அந்தாண்ட கேக்கற மாதிரி மந்தமா இருந்தா கேசட் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க, நிறைய தடவை அது ஹெட் பக்கத்துல இருக்கற சின்ன ஸ்க்ரூ ஒன்னைக் கொஞ்சமா திருப்பினா சரியாயிடும், ஏன்னா அந்த கேசட்டைப் பதிவு பண்ண மெஷினோட கோணமும் உங்க டெக்கோட கோணமும் வேற வேற. கேசட்டுக்கு கேசட் காதால கேட்டு வச்சிக்கணும். அந்த ஒரு ஸ்க்ரூ குடுக்கற தெளிவை எந்த சாஃப்ட்வேரும் பின்னாடி குடுக்காது, இரைச்சலைக் குறைக்கலாம், வராத எழுத்தை வரவழைக்க முடியாது.

கேசட்டைப் போடறதுக்கு முன்னாடி மேல் விளிம்புல இருக்கற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைச்சிடுங்க, அப்பதான் தெரியாம ரெக்கார்டை அமுக்கினாலும் அழியாது. நாடா நடுவுல ஒரு சின்ன பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும், அது விழுந்திருந்தா சத்தம் தேஞ்சு தேஞ்சு வரும், வேற கேசட் கூடுல நாடாவை மாத்திப் போடணும். ரொம்ப வருஷம் சுத்தாத கேசட்டை ஒரு தடவை முன்னுக்குக் கடைசி வரை ஓட்டி, திருப்பி ஓட்டி, அப்புறம் பிளே பண்ணுங்க. வெள்ளையா பூசணம் தெரிஞ்சா டெக்ல போடவே போடாதீங்க, அடுத்தடுத்து போடற எல்லா கேசட்டுக்கும் அது ஒட்டும்.

டால்பி பட்டன் (இரைச்சலைக் குறைக்கறது), குரோம் பட்டன் (நாடா வகைக்கானது) ரெண்டும் கேசட்ல எழுதியிருக்கறபடி இருக்கணும். வீட்டு டூ இன் ஒன்ல பதிவு பண்ணதுக்கு பெரும்பாலும் டால்பி கிடையாது, அணைச்சு வைங்க.

## முதல் வழி: ஆடியோ சிடி ரெக்கார்டர்

பாக்கறதுக்கு சிடி பிளேயர் மாதிரியேதான் இருக்கும், ஆனா எழுதும். 1990கள் கடைசியில பிலிப்ஸ், பயோனியர் மாதிரி கம்பெனிங்க வீட்டுக்குன்னு கொண்டு வந்தாங்க, ஸ்டூடியோவுக்குன்னு டாஸ்காம் மாதிரி ஆளுங்க தனியா செஞ்சாங்க. இன்னிக்கு கிடைக்கறதுல பெரும்பாலானது செகண்ட் ஹேண்ட்தான்.

இதோட அழகு இன்னான்னா கம்ப்யூட்டரே வேணாம். டெக்கோட லைன் அவுட்லருந்து ரெக்கார்டரோட அனலாக் இன்னுக்கு ஒரு ஜோடி ஆர்சிஏ ஒயர், சிவப்பு வலது, வெள்ளை இடது. ரெக்கார்டரோட அனலாக் அவுட்லருந்து ஆம்பிளிஃபயரோட ஆக்ஸ் இல்ல சிடி இன்புட்டுக்கு இன்னொரு ஜோடி. போனோன்னு எழுதியிருக்கற ஓட்டையில மட்டும் சொருகாதீங்க, அது இசைத்தட்டு பிளேயருக்கானது, சத்தத்தைப் பல மடங்கு ஏத்தி பாஸையும் தூக்கி விட்டுடும். இதேதான் திருப்பியும், இசைத்தட்டு பிளேயரை ரெக்கார்டர்ல நேரா சொருகினா கொசு பாடற மாதிரிதான் வரும், நடுவுல போனோ ப்ரீஆம்ப் வேணும், இல்லன்னா ஆம்பிளிஃபயர் வழியா வரணும், அதோட கிரவுண்ட் ஒயரையும் மாட்டணும், மாட்டலன்னா உம்முன்னு ஒரு சத்தம் கூடவே வரும்.

ஆம்பிளிஃபயர்ல ரெக் அவுட் இருந்தா வேலை இன்னும் சுலபம். டெக், இசைத்தட்டு, ரேடியோ எல்லாத்தையும் ஆம்பிளிஃபயர்ல மாட்டிட்டு ரெக் அவுட்லருந்து ரெக்கார்டருக்கு ஒரே ஒரு ஜோடி ஒயர், முன்னாடி குமிழ்ல எதைத் திருப்பறீங்களோ அது பதிவாகும். வால்யூமும் பாஸ் ட்ரெபிளும் ரெக் அவுட்டைத் தொடாது, அதனால ராத்திரி சத்தத்தை சுத்தமா குறைச்சு வச்சிகினு கூட பதிவு பண்ணலாம். பதிவு நடக்கும்போது செலக்டர் குமிழை ரெக்கார்டர் பக்கமே திருப்பிடாதீங்க, சில ஆம்பிளிஃபயர்ல சத்தம் சுத்தி சுத்தி வந்து ஊளையிடும். ஸ்பீக்கர் முனையிலருந்து ஒயர் இழுத்து லைன் இன்ல குடுக்கற வேலை எந்தக் காரணத்துக்கும் வேணாம், ரெக்கார்டரோட உள் சர்க்யூட் போயிடும்.

பின்னாடி ஆப்டிகல், கோஆக்சியல்னு டிஜிட்டல் ஓட்டையும் இருக்கும். கேசட்டுக்கு அதுக்கு வேலையே இல்ல. சிடி பிளேயர்லருந்து எடுக்கணும்னா அதுல குடுக்கலாம், ஆனா வீட்டு ரெக்கார்டர்ல எஸ்சிஎம்எஸ்னு ஒரு பூட்டு வச்சிருக்காங்க, அசல்லருந்து டிஜிட்டலா ஒரு காப்பி விடும், அந்தக் காப்பியிலருந்து மறுபடி டிஜிட்டலா எடுக்கப் போனா முடியாதுன்னு நின்னுடும். அனலாக் ஒயர்ல குடுத்தா இந்தப் பூட்டு குறுக்க வராது.

பதிவு பண்ற முறை: ரெக்கார்டை அமுக்கி பாஸ்ல வச்சிகினு கேசட்ல சத்தம் அதிகமா வர்ற இடத்தை ஓட்டிப் பாருங்க. டெக்ல பழகினவங்க முள்ளை சிவப்பு வரை தள்ளுவாங்க, இங்க அது ஆகாது, டிஜிட்டல்ல பூஜ்யத்தைத் தாண்டினா கரகரன்னு வெட்டிடும், அதை அப்புறம் சரி பண்ண வழியே இல்ல. மீட்டர்ல உச்சம் மைனஸ் 6 டெசிபெல் பக்கத்துல நின்னா போதும். ஆட்டோ டிராக்கை அணைச்சிடுங்க. கேசட் ஓட்டும்போது ரெண்டு மூணு செகண்ட் அமைதி வந்தா பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு அது புது டிராக் போடும், சினிமா பாட்டுக்கு சரி, பாட்டி யோசிச்சு யோசிச்சு கதை சொல்றதையும் ஆலாபனையில மூச்சு விடறதையும் துண்டு துண்டா நறுக்கிடும். ஒரு தட்டுல 99 டிராக்தான், கூத்து வசனத்துக்கு ஆட்டோ போட்டா அதுவே நிறைஞ்சிடும்.

கடைசியில ஃபைனலைஸ். இதைச் செய்யாத தட்டு அந்த ரெக்கார்டர்ல பாடும், வீட்டு சிடி பிளேயர்லயும் கார்லயும் பாடாது. சில நிமிஷம் ஆகும், முடியற வரைக்கும் சுவிட்ச்ல கை வைக்கக் கூடாது. சிடி ஆர்ல (ஒரே தடவை எழுதற தட்டு) ஃபைனலைஸ் பண்ணியாச்சுன்னா அப்புறம் சேக்க முடியாது. சிடி ஆர்டபிள்யூன்னா அழிச்சு திருப்பி எழுதலாம், ஆனா அதுல ஒளி பிரதிபலிக்கறது கம்மி, பழைய பிளேயருங்க நிறைய அதைப் படிக்காது.

இப்போ ஒளிஞ்சிருக்கற செலவு. வீட்டு ரெக்கார்டருங்க சாதாரண கம்ப்யூட்டர் சிடியை ஏத்துக்காது, டிஜிட்டல் ஆடியோன்னு குறி போட்ட தனி தட்டுதான் வேணும், தட்டுக்குள்ளயே அதுக்கான அடையாளம் பதிஞ்சிருக்கும், மெஷின் அதைப் பாத்துட்டுதான் எழுதும். வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் கடை கடையா கேட்டாலும் சாதாரண சிடியே இப்போ தேடித்தான் எடுக்கறாங்க, அந்த தனி தட்டை எங்க போய் வாங்கறது? மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி தட்டு கிடைக்குதான்னு பாருங்க. ஸ்டூடியோ வகை ரெக்கார்டர்னா சாதாரண சிடியே போதும், விலை கூடினாலும் அதுதான் லாபம்.

அடுத்தது வோல்டேஜ். வெளிநாட்டுலருந்து வர்ற செட்டு நிறைய 100 இல்ல 120 வோல்ட், நம்ம வீட்டு பிளக் 230. பின்பக்கத் தகட்டைப் படிக்காம சொருகினா அன்னிக்கே புகை, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் காசும் சேத்துக்கோங்க. லேசர் தேஞ்சிருந்தா அதுக்கு உதிரி தேடறது இன்னொரு தலைவலி, படிக்குது ஆனா எழுதலன்னா பெரும்பாலும் அதுதான். வாங்கும்போது பாடுதான்னு மட்டும் பாக்காம ஒரு தட்டை எழுதி, ஃபைனலைஸ் பண்ணி, வேற பிளேயர்ல போட்டுக் கேட்டுட்டு காசு குடுங்க.

நேரமும் உதைக்கும். ஒரு தட்டு 74 இல்ல 80 நிமிஷம். அறுபது நிமிஷ கேசட் அடங்கிடும். தொண்ணூறு நிமிஷ கேசட்டுக்கு பக்கத்துக்கு 45, ரெண்டும் சேத்து 90, ஒரே தட்டுல அடங்காது, ரெண்டு தட்டு ஆகும். ராத்திரி பூரா நடந்த கூத்துன்னா கணக்கு போட்டுக்கோங்க.

பெரிய பயம் கரண்ட்தான். எழுதிகினு இருக்கும்போது கட் ஆனா அந்த டிராக் போயிடும், பல சமயம் தட்டே வீண். இன்வெர்ட்டர் இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, மாறுற அந்தக் கண நேரத்துல ரெக்கார்டர் அணைஞ்சு எழுந்திரிக்கலாம், இன்வெர்ட்டர் பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு சுவிட்ச் இருந்தா அதுல வைங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா ஆடியோவுல ஜிர்ருன்னு ஒரு சத்தமும் சேந்து பதியும்.

## ரெண்டாவது வழி: லேப்டாப்பும் ஒரு யூஎஸ்பி டப்பாவும்

லேப்டாப் ஏற்கனவே இருந்தா இதுதான் குறைஞ்ச செலவு. ஆனா லேப்டாப்போட மைக் ஓட்டையில டெக் ஒயரை சொருகற ஆசையை விட்டுடுங்க. நிறைய லேப்டாப்ல அது ஒரே சேனல், அதுவும் மைக்குக்கான மெல்லிய சிக்னலுக்கு செஞ்சது, டெக்லருந்து வர்றதைக் குடுத்தா வெடிச்சிகினுதான் பதியும். ஆர்சிஏ இன்புட் இருக்கற சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்னு வாங்குங்க, பெரிங்கர் மாதிரி கம்பெனிங்க கைக்குள்ள அடங்கற சைஸ்ல விக்கறாங்க, போனோ இன்புட் வச்சதும் இருக்கு. கேசட்டையே உள்ள போட்டு யூஎஸ்பியில குடுக்கற வாக்மேன் மாதிரி மலிவு டப்பா விக்குதே, அதை மட்டும் வேணாம், உள்ள இருக்கற மோட்டாரும் ஹெட்டும் அந்த விலைக்குத் தகுந்த மாதிரிதான், மேல நான் டெக்கைப் பத்திப் புலம்பினது எல்லாம் இதுக்குத்தான்.

சாஃப்ட்வேர் ஆடாசிட்டி, இலவசம். இன்புட்டா யூஎஸ்பி டப்பாவைத் தேர்ந்தெடுத்து, ரெண்டு சேனல், 44100 ஹெர்ட்ஸ், வேவ் ஃபைல் (சுருக்காத ஒலி ஃபைல்). விண்டோஸ் அந்த டப்பாவை ஒத்தை சேனல் மைக்னு நினைச்சுக்கறதும் உண்டு, சவுண்ட் செட்டிங்ல போய் ரெண்டு சேனலா மாத்தி, என்ஹான்ஸ்மென்ட் எல்லாத்தையும் அணைக்கணும். லேப்டாப் தூங்கிப் போகாம ஸ்லீப்பையும் அணைங்க. ஹம் சத்தம் வந்தா சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, எர்த் சுத்து காரணமா வர்றதுன்னா அப்பவே நின்னுடும்.

ஒரு நிமிஷம் ஸ்டீரியோ சுமார் 10 எம்பி, ஒரு அறுபது நிமிஷ கேசட் 635 எம்பி பக்கம். நூறு கேசட்டுன்னா 64 ஜிபிக்குள்ள, 128 ஜிபி பென்டிரைவ் ஒன்னுல தாராளமா உக்காரும், ஃபிளாக் ஃபைலா மாத்தினா தரம் குறையாமலே ஏறக்குறைய பாதி. வாட்ஸ்அப்புக்கு எம்பி3 தனியா எடுத்துக்கலாம். அம்மாவுக்கு சிடியும் வேணுமா, வெளியில மாட்டற டிவிடி ரைட்டர் ஒன்னுல சாதாரண சிடியிலேயே எழுதலாம், அந்த தனி தட்டு தொல்லை இங்க கிடையாது, டேட்டா சிடியா இல்லாம ஆடியோ சிடியா எழுதணும், அவ்ளோதான்.

இதோட ஒளிஞ்ச செலவு பணம் இல்ல, உங்க ராத்திரிங்க. வெட்டலாம்னு வசதி இருந்தா வெட்டிகினே இருப்போம். இரைச்சல் குறைக்கற ஃபில்டரைக் கொஞ்சம் அதிகமா போட்டா தாத்தா கிணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி ஆயிடும், அது புடிச்சுப்போய் அசலை அழிச்சவங்க இருக்காங்க. வேவை தொடாம ஒரு ஃபோல்டர்ல வச்சிட்டு காப்பியில விளையாடுங்க.

கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில ஓடும், டெக் நின்னுடும். பட்டனை அழுத்திப் போடற வகை டெக்னா உடனே ஸ்டாப்பை அமுக்குங்க, ரோலர் நாடாவைக் கவ்விகினே நிக்கும், அப்படியே விட்டா கரண்ட் வரும்போது நாடாவை மென்னுடலாம். கரண்ட் வந்ததும் கொஞ்சம் பின்னால ஓட்டி திரும்பப் பதிவு பண்ணி ஒட்டிக்கலாம், தட்டு வீணாச்சுங்கற பேச்சே இல்ல.

## மூணாவது வழி: கையடக்க ரெக்கார்டர்

ஜூம், டாஸ்காம் மாதிரி கம்பெனிங்க செய்யற, கையில புடிக்கற டிஜிட்டல் ரெக்கார்டர். மெமரி கார்டுல நேரா வேவ் ஃபைலா எழுதும், பேட்டரியில ஓடும். லைன் இன் ஓட்டை இருக்கறதா பாத்து வாங்குங்க, மைக் இன் மட்டும் இருந்தா டெக்கோட ஹெட்ஃபோன் ஓட்டையிலருந்து சத்தத்தை ரொம்பக் குறைச்சுக் குடுக்கணும், பிளக் இன் பவரை (மைக்குக்கு ரெக்கார்டர் அனுப்பற கரண்ட்) அணைக்கணும். ஆட்டோ லெவல் (சத்தத்தைத் தானா ஏத்தி இறக்கறது), லோ கட் (அடி சத்தத்தை வெட்டறது) ரெண்டையும் அணைச்சிடுங்க, ஆட்டோ லெவல் இருந்தா பேச்சு நிக்கற இடத்துல எல்லாம் கேசட் இரைச்சல் புஸ்ஸுன்னு மேல ஏறி வரும்.

நிறைய மாடல்ல 2 ஜிபி ஆனதும் ஃபைல் தானா ரெண்டாப் பிரியும், சிடி அளவுல அது மூணு மணி நேரத்துக்கு மேல, கேசட்டுக்கு அந்தக் கவலையே வராது.

எனக்கு இது மேல ஒரு தனிப் பாசம் உண்டு, காரணம் கேசட் முடிஞ்ச பிறகும் இதுக்கு வேலை இருக்கு. மத்த ரெண்டும் பழசை மட்டும்தான் காப்பாத்தும். இதை எடுத்துகினு போய் ஆத்தா முன்னாடி வச்சு இன்னிக்கே பேச விடலாம், வைகாசி ஒன்னாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துல பம்பை சத்தத்தைப் புடிக்கலாம், ஊர்ல பாரதம் வச்சா திரௌபதியம்மன் கோயில் மேடையோரமா வைக்கலாம். அந்தப் பழக்கம் உங்களுக்கு இல்லன்னா விலை கொஞ்சம் அதிகம்தான். கார்டு, கார்டு ரீடர், பேட்டரி, மூணரை எம்எம் டு ஆர்சிஏ ஒயர் எல்லாம் தனிக் காசு. பேர் போட்டு அடுக்க கடைசியில எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வேணும்.

## நாலாவது வழி: கடையில குடுக்கறது

கல்யாண வீடியோ கேசட்டை டிவிடியா மாத்தித் தர்ற ஸ்டூடியோங்க சிலது ஆடியோவும் பண்ணுவாங்க. நாலஞ்சு கேசட்தான் இருக்கு, டெக் இல்லன்னா மெஷின் வாங்கறதே முட்டாள்தனம், கடைக்குப் போயிடுங்க.

ஆனா வாய விட்டுக் கேக்கணும். எம்பி3 மட்டும்தானா, வேவும் தருவீங்களா? கேசட்டைத் திருப்பித் தருவீங்களா? இரைச்சல் ஃபில்டர் போடாம தர முடியுமா? எந்த டெக்ல ஓட்டறீங்க? முதல்ல ஒன்னே ஒன்னு குடுத்து வாங்கிக் கேளுங்க, இதுக்கு முக்கியமில்லாத கேசட்டை எடுத்துகினு போங்க. கடைக்காரர் உங்க பாட்டிக்காக அசிமுத் ஸ்க்ரூ திருப்பிகினு உக்காந்திருக்க மாட்டார், அடுத்த கேசட் வரிசையில நிக்குது. அதோட குடும்பச் சண்டை, அழுகை, சொத்துப் பேச்சு எல்லாம் பேசி அனுப்பின கேசட்னா அது இன்னொருத்தர் காதுல விழறது சரியான்னு வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

## ஒரே பார்வையில

| | சிடி ரெக்கார்டர் | லேப்டாப் + டப்பா | கையடக்க ரெக்கார்டர் | கடை |
|---|---|---|---|---|
| கம்ப்யூட்டர் தெரியணுமா | வேணாம் | வேணும் | கொஞ்சம் | வேணாம் |
| நல்ல டெக் வேணுமா | வேணும் | வேணும் | வேணும் | அவங்க பாடு |
| கரண்ட் போனா | தட்டு வீணாகலாம் | டெக் மட்டும் நிக்கும் | டெக் மட்டும் நிக்கும் | உங்களுக்கு கவலை இல்ல |
| வெட்டி ஒட்டறது | ரொம்ப கம்மி | இஷ்டத்துக்கு | அப்புறம் கம்ப்யூட்டர்ல | அவங்க செய்யறதுதான் |
| ஒளிஞ்ச செலவு | தனி தட்டு, டிரான்ஸ்ஃபார்மர், லேசர் | உங்க நேரம் | கார்டு, ஒயர், பேட்டரி | கேசட்டுக்கு கேசட் கூலி |
| 90 நிமிஷ கேசட் | ரெண்டு தட்டு | ஒரே ஃபைல் | ஒரே ஃபைல் | கேட்டு வாங்கணும் |

## அப்போ யாருக்கு எது

கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன்னு இருக்கற ரிட்டையர்டு ஆளு, வீட்ல நல்ல டெக்கும் ஆம்பிளிஃபயரும் ஏற்கனவே இருக்கு, சாயந்தரம் உக்காந்து கேட்டுகினே ஒரு தட்டு எழுதறதுல அவருக்கு ஒரு சுகம், கேக்கறதும் அதே சிடி பிளேயர்ல. அவருக்கு ஆடியோ சிடி ரெக்கார்டர்தான் சரி, ஸ்டூடியோ வகையா பாத்து வாங்கட்டும், எழுதின தட்டை பேரனை விட்டு கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லட்டும். இந்த ஆளைத் தவிர வேற யாருக்கும் அதை இன்னிக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன், மெஷின் மட்டம்னு இல்ல, தட்டும் உதிரியும் குறைஞ்சிகினே வர்ற ஒன்னுல புதுசா காசு போடறதுல அர்த்தம் இல்ல.

இருபது கேசட்டுக்கு மேல இருக்கு, லேப்டாப் இருக்கு, பசங்க வெளிநாட்டுல இருக்காங்கன்னா ரெண்டாவது வழிதான், யோசிக்க வேணாம். கூத்து, பம்பை, நாட்டுப் பாட்டுன்னு ஊர் ஊரா போற ஆளுன்னா மூணாவது. நாலஞ்சு கேசட்டுக்கு கடை. கையில இருக்கற காசு ஒன்னுக்குத்தான் பத்தும்னா டெக்கை சரி பண்ணிட்டு, ரெக்கார்டரை யார்கிட்டயாவது ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்க.

சிடி வழியில போறவங்களுக்கு இன்னொன்னு. தட்டோட பேர் எழுதற பக்கம்தான் மெல்லிசானது, பளபளப்புப் பூச்சு அந்தப் பக்கத் தோலுக்கு அடியிலதான் இருக்கு, பால் பாயிண்ட்டால கீறினா தட்டு போச்சு, மென்மையான மார்க்கரால எழுதுங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. வேலூர் வெயில்ல கார் டேஷ்போர்டுல ஒரு மத்தியானம் கிடந்தாலே பாழ் ஆயிடும், பரண்லயும் வேணாம், ஓட்டுக்கு அடியில இருக்கற சூடு கேசட்டுக்கும் ஆகாது, தட்டுக்கும் ஆகாது. சுவத்து அலமாரியில கீழ்த்தட்டுல, வெயில் படாம, நிமித்தி வைங்க.

ஏத்தி முடிச்ச கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க. ஸ்பீக்கர் பக்கத்துல வைக்காதீங்க, உள்ள காந்தம் இருக்கு. ஃபைலுக்கு பேர் வைக்கும்போது 1987, தாத்தா, ஆரணி கல்யாணம், பக்கம் ஒன்னுன்னு இந்த மாதிரி வைங்க, சும்மா டிராக் ஒன்னுன்னு விட்டீங்கன்னா நூறு ஃபைல்ல எதைத் தேடுவீங்க, அதுல பேசறது யாருன்னு சொல்லக்கூடியவங்க இப்போ வீட்ல இருக்காங்கன்னா அவங்களைப் பக்கத்துல உக்கார வச்சிகினே ஓட்டுங்க. ஒரு காப்பி வீட்ல, இன்னொன்னு வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க வீட்ல. வேலையை சித்திரை வைகாசியில ஆரம்பிக்காதீங்க, கரண்ட்டும் அடிக்கடி போகும், ஃபேனை ஓட விட்டா மைக் வச்சு புதுசா புடிக்கற பேச்சுல எல்லாம் அந்தக் காத்து சத்தம்தான் இருக்கும். ஐப்பசி மழை வரட்டும், அதுக்குள்ள டெக்குக்கு பெல்ட் மாத்தி வச்சிடுங்க.